சராசரி ஒன்றே, சிதறல் வேறு: தரவு எவ்வளவு பரந்து கிடக்கிறது என்று அளப்பது எப்படி?

ஓரிடத்துக்குப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வழியிலும் எட்டு நாள் போய், ஆன நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்து வைத்திருக்கிறோம். பார்க்க வசதியாக ஏறுவரிசையில் தருகிறோம்:

முதல் வழி: 28, 29, 30, 30, 30, 31, 31, 31
இரண்டாம் வழி: 20, 22, 24, 26, 28, 32, 38, 50

எந்த வரிசையைக் கூட்டினாலும் 240. எட்டால் வகுத்தால் 30. சராசரியை மட்டும் கேட்டவருக்கு இரண்டு வழிக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் இன்னும் 35 நிமிடத்தில் தேர்வு தொடங்குகிறது என்றால் எந்த வழியில் போவீர்கள்? முதல் வழியில் ஒரு நாள்கூட 35 நிமிடத்தைத் தாண்டவில்லை. இரண்டாம் வழியில் இரண்டு நாள் தாண்டியிருக்கிறது. 25 நிமிடத்தில் கிளம்பிவிடும் ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் நிலைமை தலைகீழ். முதல் வழியில் வாய்ப்பே இல்லை. இரண்டாம் வழியில் எட்டில் மூன்று நாள் பிடித்திருக்கலாம்.

இந்த வேறுபாட்டுக்குப் பெயர்தான் சிதறல். மதிப்புகள் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கின்றனவா, விலகிக் கிடக்கின்றனவா என்பதை ஓர் எண்ணால் சொல்வது சிதறல் அளவை. அப்படி ஓர் எண் மட்டும் இல்லை, பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எந்தக் கேள்விக்கு எந்த எண் என்று தெரியாமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்வதால்தான் புள்ளியியலில் இந்தப் பாடம் பலருக்கும் கசக்கிறது. மேலே உள்ள பதினாறு எண்களை வைத்தே எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

வீச்சு

பெரிய மதிப்பிலிருந்து சிறிய மதிப்பைக் கழித்தால் வீச்சு. முதல் வழிக்கு 31 − 28 = 3. இரண்டாம் வழிக்கு 50 − 20 = 30.

இதைவிட எளிதான அளவை கிடையாது. அதன் பலவீனமும் அந்த எளிமையில்தான் இருக்கிறது. எட்டு எண்களில் ஆறு எண்களை அது பார்ப்பதே இல்லை. ஓரத்தில் நிற்கும் இரண்டு எண்களில் ஒன்று தவறாகப் பதிவாகியிருந்தால் விடை முழுவதும் தவறு. இன்னொரு குறை பலர் கண்ணுக்குப் படுவதில்லை: தரவு கூடக் கூட வீச்சு பெருகிக்கொண்டே போகும். மணி வடிவப் பரவலிலிருந்து (நடுவில் குவிந்து, இருபுறமும் சீராகக் குறைந்துகொண்டே போகும் பரவல்) 5 மதிப்புகள் எடுத்தால் வீச்சு சராசரியாகத் திட்ட விலக்கத்தைப் போல் 2.33 மடங்கு இருக்கும் (திட்ட விலக்கம் என்னவென்று கீழே வருகிறது). 10 மதிப்புகளுக்கு அது 3.08 மடங்கு, 100 மதிப்புகளுக்கு ஏறக்குறைய 5 மடங்கு. அடியில் இருக்கும் சிதறல் துளியும் மாறவில்லை. பார்த்த எண்ணிக்கைதான் கூடியது. ஆகவே 10 பேரின் வீச்சையும் 1000 பேரின் வீச்சையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

வீச்சுக்கு உரிய இடமும் உண்டு. தரவு கைக்கு வந்ததும் முதலில் பெரியதையும் சிறியதையும் பாருங்கள். மனிதரின் வயது 214 என்றோ, உயரம் 0 என்றோ இருந்தால் அங்கேயே பிடிபடும்.

நடுப்பாதி எவ்வளவு அகலம்?

ஓரங்களை நம்ப முடியாது என்றால் ஓரங்களை வெட்டிவிட்டு நடுவை மட்டும் அளக்கலாம். அதுதான் கால்மான இடைவீச்சு. மதிப்புகளை வரிசைப்படுத்தி நான்கு சம பங்காகப் பிரிக்கிறோம். கீழிருந்து கால் பங்கு முடியும் இடம் முதல் கால்மானம், முக்கால் பங்கு முடியும் இடம் மூன்றாம் கால்மானம். இரண்டுக்கும் உள்ள தூரத்துக்குள் தரவின் நடுப்பாதி அடங்கும்.

இரண்டாம் வழியை எடுத்துக்கொள்வோம். எட்டு எண்களின் நடுவில் 26, 28 நிற்கின்றன. இரண்டுக்கும் நடுப்புள்ளியான 27-தான் இடைநிலை அளவு. கீழ்ப்பாதி 20, 22, 24, 26. அதன் நடு 23. மேற்பாதி 28, 32, 38, 50. அதன் நடு 35. ஆகக் கால்மான இடைவீச்சு 35 − 23 = 12 நிமிடம். முதல் வழிக்கு இதே முறையில் 31 − 29.5 = 1.5 நிமிடம்.

இப்போது இதே எண்களை எக்செலில் போட்டுப் பாருங்கள். குவார்ட்டைல்.இன்க் என்ற சார்பு 23.5, 33.5 என்று தரும், இடைவீச்சு 10. குவார்ட்டைல்.எக்ஸ்க் என்ற சார்பு 22.5, 36.5 என்று தரும், இடைவீச்சு 14. கையால் போட்டது 12. மூன்றும் சரிதான். எட்டு எண்களைக் காலாகப் பிரிக்கும்போது எல்லைக்கோடு இரண்டு எண்களுக்கு நடுவில் விழுகிறது. அந்த இடைவெளியில் எந்தப் புள்ளியை எடுப்பது என்பதில் ஒவ்வொரு மரபும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது. தரவு ஆயிரக்கணக்கில் இருந்தால் இந்த வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. எட்டு, பத்து எண்களில் நன்றாகத் தெரியும். விடைத்தாளில் ஒன்றும் மென்பொருளில் வேறொன்றும் வந்தால் தப்பு எங்கே என்று தேடுவதற்கு முன் எந்த விதி பயன்பட்டது என்று பாருங்கள்.

அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி பரவலாக்கிய பெட்டிப்படம் இந்தக் கால்மானங்களின் மேல்தான் நிற்கிறது. நடுப்பாதி ஒரு பெட்டி. அதற்குள் இடைநிலை அளவுக்கு ஒரு கோடு. பெட்டியின் இரு முனைகளிலிருந்தும் இடைவீச்சைப் போல் 1.5 மடங்கு தள்ளி ஒரு வேலி. வேலிக்கு வெளியே விழும் மதிப்பைத் தனிப் புள்ளியாகக் காட்டுவார்கள். நம் இரண்டாம் வழியில் மேல்வேலி 35 + 18 = 53. ஆகவே 50 நிமிடம் ஆன நாள் வேலிக்கு உள்ளேதான் இருக்கிறது. வேலியைத் தாண்டிய மதிப்பை உடனே அழித்துவிட வேண்டும் என்று பொருள் கொள்ளாதீர்கள். பிழையே இல்லாத மணி வடிவத் தரவிலும் ஆயிரத்துக்கு ஏழு மதிப்புகள் இந்த வேலிக்கு வெளியே விழும். இதை ஒருமுறை சரிபார் என்று சொல்லும் அடையாளம் மட்டுமே அது.

சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி?

மேலே சொன்ன இரண்டும் சில இடங்களை மட்டும் பார்க்கின்றன. எல்லா மதிப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் வழியில் அந்த விலக்கங்கள்:

−10, −8, −6, −4, −2, +2, +8, +20

இவற்றின் சராசரியை எடுத்தால் என்ன ஆகும்? கழித்தல் பக்கம் 30, கூட்டல் பக்கம் 30. ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் வரும். எந்தத் தரவுக்கும் இப்படித்தான் வரும், ஏனென்றால் சராசரி என்பதே இருபுறமும் சமன்படும் புள்ளி. கையால் போடும்போது இது ஒரு நல்ல சோதனையும்கூட: விலக்கங்களின் கூடுதல் பூஜ்யம் வராவிட்டால் சராசரியிலோ கழித்தலிலோ பிழை இருக்கிறது. சராசரியை முழு எண்ணாக்கிக்கொண்டு கழித்தாலும் பூஜ்யம் வராது.

குறியை நீக்க இரண்டு வழி. முதலாவது, குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுப்பது: 10 + 8 + 6 + 4 + 2 + 2 + 8 + 20 = 60. எட்டால் வகுத்தால் 7.5 நிமிடம். இது சராசரி விலக்கம். 'ஒரு நாளின் பயண நேரம் சராசரியிலிருந்து ஏறக்குறைய ஏழரை நிமிடம் தள்ளியிருக்கும்' என்று யாருக்கும் புரியும்படி சொல்லிவிடலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு முதலில் இதையே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து, ஏனென்றால் அடுத்து வருவதன் நோக்கம் இதிலிருந்துதான் விளங்கும்.

இரண்டாவது வழி, வர்க்கப்படுத்துவது. கழித்தல் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கூட்டல் எண்தானே வரும்?

100 + 64 + 36 + 16 + 4 + 4 + 64 + 400 = 688

இதை எட்டால் வகுத்தால் 86. இது விலக்க வர்க்கச் சராசரி. இதன் அலகு 'நிமிட வர்க்கம்'. அப்படி ஒரு நேரத்தை யாரும் கடிகாரத்தில் பார்த்ததில்லை; எனவே வர்க்கமூலம் எடுத்து மறுபடி நிமிடத்துக்குக் கொண்டுவருகிறோம்: √86 = 9.27 நிமிடம். இதுதான் திட்ட விலக்கம். இலங்கைப் பாடநூல்களில் இதை நியம விலகல் என்றும், வர்க்கச் சராசரியை மாறற்றிறன் என்றும் படித்திருப்பீர்கள், பெயர்தான் வேறு. ஆங்கிலத்தில் திட்ட விலக்கத்துக்கான பெயரை 1890-களில் கார்ல் பியர்சனும், விலக்க வர்க்கச் சராசரிக்கான பெயரை 1918-இல் ரொனால்டு ஃபிஷரும் கொடுத்தார்கள்.

முதல் வழிக்கு விலக்கங்கள் −2, −1, 0, 0, 0, 1, 1, 1. வர்க்கங்களின் கூடுதல் 8. எட்டால் வகுத்தால் 1. திட்ட விலக்கமும் 1 நிமிடம். ஒரு பக்கம் 1, மறுபக்கம் 9.27. சராசரி மறைத்ததை இந்த இரண்டு எண்கள் காட்டிக்கொடுக்கின்றன.

இவ்வளவு சுற்றிவளைத்து வர்க்கப்படுத்துவானேன், சராசரி விலக்கமே போதாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. இதற்கான பதில் கூட்டலில் இருக்கிறது. ஒரு பயணம் இரண்டு கட்டமாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தின் திட்ட விலக்கம் 3 நிமிடம், இரண்டாம் கட்டத்துக்கு 4 நிமிடம். ஒன்றின் தாமதம் மற்றொன்றைப் பாதிக்காது என்றால் முழுப் பயணத்தின் திட்ட விலக்கம் 7 அல்ல, 5. வர்க்கங்கள்தான் கூடும்: 9 + 16 = 25; √25 = 5. ஒரு கட்டத்தில் இழந்த நேரம் சில நாள் மறு கட்டத்தில் மீண்டுவிடுவதால் மொத்தச் சிதறல் 7 வரை போவதில்லை. சராசரி விலக்கத்துக்கு இப்படி ஒரு சுத்தமான கூட்டல் விதி கிடையாது. அளவீட்டுப் பிழைகளைச் சேர்க்கும் இடங்களிலெல்லாம் திட்ட விலக்கம் கோலோச்சுவதற்கு இதுவே முதற்காரணம். இரண்டு கட்டங்களும் ஒன்றையொன்று சார்ந்திருந்தால், உதாரணமாக மழை பெய்தால் இரண்டுமே தாமதமாகும் என்றால், இந்த விதி பொருந்தாது.

வர்க்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. 688-இல் 400 ஒரே ஒரு நாளிலிருந்து வந்தது. எட்டில் ஒரு பங்கு தரவு, விடையில் பாதிக்கு மேல். தூரத்தில் நிற்பதற்குத் திட்ட விலக்கம் அளவுக்கு மீறிக் காது கொடுக்கும்.

எட்டால் வகுப்பதா, ஏழால் வகுப்பதா?

கணிப்பானில் திட்ட விலக்கத்துக்கு இரண்டு விடைகள் இருக்கும். நம் இரண்டாம் வழிக்கு ஒன்று 9.27, மற்றொன்று 9.91. முதலாவதில் 688-ஐ 8-ஆல் வகுத்திருக்கிறது; இரண்டாவதில் 7-ஆல். எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுப்பது ஏன் என்பது பலருக்கும் விளங்காமலே போய்விடுகிற இடம். சற்று நின்று பார்ப்போம்.

கையிலிருக்கும் எட்டு எண்கள்தான் முழுத் தரவும் என்றால் எட்டால் வகுப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இந்த எட்டு நாளைப் பற்றித் தெரிந்துகொள்வது நம் நோக்கமல்ல. அந்த வழியில் வரப்போகும் எல்லா நாட்களைப் பற்றியும் தெரிய வேண்டும். எட்டு நாள் ஒரு மாதிரி மட்டுமே. விலக்கத்தை அளக்க வேண்டியது அந்த வழியின் உண்மையான சராசரியிலிருந்து. அது நமக்குத் தெரியாது. எனவே மாதிரியின் சராசரியையே வைத்து அளக்கிறோம். மாதிரியின் சராசரியோ அந்த எட்டு எண்களுக்கு நடுவிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும் புள்ளி. வேறு எந்தப் புள்ளியிலிருந்து அளந்தாலும் வர்க்கங்களின் கூடுதல் இதைவிடப் பெரிதாகவே இருக்கும். ஆக நாம் போடும் கூடுதல் எப்போதும் சற்றுக் குறைவு. சிறிய எண்ணால் வகுத்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறோம்.

ஏன் சரியாக ஒன்று மட்டும் குறைய வேண்டும்? கையால் சோதித்துப் பார்க்கலாம். முழுத்தொகுதியில் 2, 4, 6 என்ற மூன்று மதிப்புகள் மட்டும் இருக்கட்டும். சராசரி 4; விலக்க வர்க்கச் சராசரி (4 + 0 + 4) ÷ 3 = 2.67. இதிலிருந்து இரண்டிரண்டாக எடுக்கிறோம். எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறோம். ஒன்பது மாதிரிகள் சாத்தியம். ஒவ்வொன்றிலும் அதனதன் சராசரியிலிருந்து வர்க்கங்களின் கூடுதல்:

2,2 → 0. 2,4 → 2. 2,6 → 8
4,2 → 2. 4,4 → 0. 4,6 → 2
6,2 → 8. 6,4 → 2. 6,6 → 0

மொத்தம் 24. ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டால் வகுத்திருந்தால் ஒன்பது விடைகளின் சராசரி 1.33; உண்மையில் பாதிதான். ஒன்றால் (2 − 1) வகுத்திருந்தால் 24 ÷ 9 = 2.67. உண்மை அப்படியே வந்துவிட்டது. பெஸ்ஸல் திருத்தம் என்று சொல்வது இதைத்தான். ஒரு நுணுக்கம்: சரியாகப் பொருந்துவது வர்க்கச் சராசரிதான். வர்க்கமூலம் எடுத்தபின் திட்ட விலக்கம் இன்னமும் சற்றுக் குறைவாகவே இருக்கும். மாதிரி பெரிதாக இருந்தால் அது பொருட்படுத்த வேண்டியதில்லை.

நடைமுறையில் தவறு நடப்பது சூத்திரத்தில் அல்ல, பொத்தானில். எக்செலில் எஸ்டிடெவ்.எஸ் ஒன்று குறைத்து வகுக்கும், எஸ்டிடெவ்.பி முழு எண்ணிக்கையால் வகுக்கும். ஆர் மொழியின் எஸ்டி சார்பு ஒன்று குறைக்கும். பைத்தான் மொழியின் நூலகங்களில் பாண்டாஸ் ஒன்று குறைக்கும், நம்பையோ நாம் கேட்காவிட்டால் குறைக்காது. ஒரே நிரலில் இரண்டையும் கலந்து பயன்படுத்துவோர் இதில் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். கணிப்பானில் சிக்மா குறி இருப்பது முழுத்தொகுதிக்கு, எஸ் குறி இருப்பது மாதிரிக்கு. பழைய கணிப்பான்களில் இரண்டுக்குமே சிக்மாதான். பக்கத்தில் 'கழித்தல் 1' என்று சின்னதாக இருப்பது மாதிரிக்கானது. சந்தேகம் வந்தால் 1, 3 என்று இரண்டே எண்களைக் கொடுத்துப் பாருங்கள். 1 வந்தால் முழுத்தொகுதி, 1.414 வந்தால் மாதிரி.

எண் கைக்கு வந்துவிட்டது, அதை எப்படிப் படிப்பது?

'68, 95, 99.7' என்ற மூன்று எண்களைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். சராசரியிலிருந்து இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் 68% மதிப்புகள், இரண்டுக்குள் 95%, மூன்றுக்குள் 99.7% அடங்கும் என்பது விதி. இது மணி வடிவமுள்ள இயல்நிலைப் பரவலுக்கு மட்டுமே. காத்திருக்கும் நேரம், வருமானம், மருத்துவமனையில் தங்கிய நாட்கள் போன்றவை ஒரு பக்கம் நீண்ட வால் கொண்டவை. அவற்றில் இந்த விதி பொய்த்துவிடும். சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம், திட்ட விலக்கம் 8 நிமிடம் என்று வந்தால், இரண்டு விலக்கம் கீழே போனால் −11 நிமிடம். காத்திருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாது. குறையவே முடியாத எல்லையைச் சராசரியும் திட்ட விலக்கமும் சேர்ந்து இப்படித் தாண்டினால், தரவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

வடிவம் எதுவானாலும் செல்லுபடியாகும் ஓர் உறுதியும் இருக்கிறது. ரஷ்யக் கணிதர் செபிஷெவ் 1867-இல் வெளியிட்டது: இரண்டு திட்ட விலக்கத்துக்குள் குறைந்தது 75%, மூன்றுக்குள் குறைந்தது 88.9% மதிப்புகள் இருந்தே தீரும். 95-க்கும் 75-க்கும் உள்ள தூரம், வடிவம் தெரியாமல் பேசுவதற்கு நாம் கொடுக்கும் விலை.

வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னச் சோதனை. 25, 25, 25, 25, 35, 35, 35, 35 என்பது ஒரு பட்டியல். 20, 30, 30, 30, 30, 30, 30, 40 என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சராசரி 30; எட்டால் வகுத்த திட்ட விலக்கமும் இரண்டுக்கும் 5. ஆனால் முதலாவதில் நடுவில் யாருமே இல்லை, இரண்டாவதில் ஏறக்குறைய எல்லோரும் நடுவில்தான். சராசரி விலக்கம் இவற்றைப் பிரித்துக் காட்டும்: முதலாவதற்கு 5, இரண்டாவதற்கு 2.5. கால்மான இடைவீச்சு முதலாவதற்கு 10, இரண்டாவதற்கு பூஜ்யம்! பூஜ்யம் என்றால் சிதறலே இல்லை என்று பொருளல்ல. நடுப்பாதியில் இல்லை என்றே பொருள். ஓர் எண் எழுதுவதற்கு முன் புள்ளிகளை ஒரு கோட்டில் வைத்து வரைந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

எங்கெங்கே கெடும்?

விரல் தடுமாறி 50-க்குப் பதில் 500 என்று பதிவாகிவிட்டது என்று கொள்வோம். இரண்டாம் வழியின் சராசரி 30-லிருந்து 86.25-க்கு ஏறும். வீச்சு 30-லிருந்து 480. மாதிரித் திட்ட விலக்கம் 9.91-லிருந்து 167. கால்மான இடைவீச்சு? அதே 12. ஒரு மயிரிழைகூட அசையவில்லை. இதே உறுதி கொண்ட இன்னோர் அளவையும் உண்டு: ஒவ்வொரு மதிப்பும் இடைநிலை அளவிலிருந்து எவ்வளவு தள்ளி என்று எடுத்து, அந்தத் தூரங்களுக்கும் இடைநிலை அளவையே காண்பது. நம் தரவில் 27-லிருந்து தூரங்கள் 7, 5, 3, 1, 1, 5, 11, 23. வரிசைப்படுத்தினால் நடுவில் 5. 50 இருந்தாலும் 500 இருந்தாலும் 5-தான். மணி வடிவத் தரவில் இதை 1.4826-ஆல் பெருக்கினால் திட்ட விலக்கத்தோடு ஒப்பிடத்தக்க எண் கிடைக்கும். கருவிகளிலிருந்து தானாக வந்து குவியும் தரவில் பிழையான மதிப்புகளைக் கண்டுபிடிக்க இதைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம். திட்ட விலக்கத்தை வைத்துத் தேடினால், பிழையே திட்ட விலக்கத்தை ஊதிவிட்டு அதன் நிழலில் ஒளிந்துகொள்ளும்.

500-ஐவிட ஆபத்தானது பூஜ்யம், ஏனென்றால் அது கண்ணை உறுத்தாது. முதல் வழியில் ஒன்பதாம் நாள் நேரத்தைக் குறிக்க மறந்துவிட்டார்கள்; யாரோ அந்தக் கட்டத்தில் 0 என்று போட்டார்கள். மாதிரித் திட்ட விலக்கம் 1.07-லிருந்து 10.05-க்குத் தாவுகிறது. அவ்வளவு ஒழுங்கான முதல் வழி இப்போது இரண்டாம் வழியைவிடச் சிதறலானது! விடுபட்ட மதிப்புக்குக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பிறர் கொடுத்த தரவில் 0, −99, 999 போன்றவை விடுபட்டதற்கான குறியீடா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குழுக்களைச் சேர்க்கும்போது திட்ட விலக்கங்களின் சராசரியை எடுப்பது இன்னொரு பரவலான தவறு. ஒரு குழுவில் 10, 10, 10. இன்னொன்றில் 20, 20, 20. தனித்தனியே திட்ட விலக்கம் பூஜ்யம். சேர்த்துப் பார்த்தால் சராசரி 15, ஆறால் வகுத்த திட்ட விலக்கம் 5. குழுக்களுக்கு இடையே உள்ள தூரமும் சிதறல்தான்; உள்சிதறல்களை மட்டும் சராசரி எடுத்தால் அது காணாமல் போய்விடும்.

கணினி நிரல் எழுதுவோருக்கு ஒன்று. 'வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழி' என்ற குறுக்குவழிச் சூத்திரம் கைக்கணக்குக்கு அருமையானது, கணினிக்கு ஆகாது. 1000000001, 1000000002, 1000000003 என்ற மூன்றின் மாதிரி விலக்க வர்க்கச் சராசரி 1 என்று பார்த்ததும் தெரிகிறது. ஆனால் அவற்றின் வர்க்கங்கள் 19 இலக்கங்கள் கொண்டவை. வழக்கமான தசம எண் வகை ஏறக்குறைய 16 இலக்கம்தான் துல்லியமாகத் தாங்கும். கழிக்கும்போது நமக்கு வேண்டிய கடைசி இலக்கங்கள் ஏற்கெனவே உதிர்ந்திருக்கும். விடை பூஜ்யமாகலாம், கழித்தல் எண்ணாகக்கூட வரலாம். முதலில் சராசரியைக் கண்டு, பிறகு விலக்கங்களை வர்க்கப்படுத்துங்கள். தரவு ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தால் 1962-இல் வெல்ஃபோர்ட் வெளியிட்ட முறை இருக்கிறது. ஒவ்வொரு மதிப்பு வரும்போதும் சராசரியையும் வர்க்கக் கூடுதலையும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போகும்.

அலகு மாறினால் என்ன ஆகும்?

எல்லா மதிப்போடும் ஒரே எண்ணைக் கூட்டினால் சிதறல் மாறாது. புள்ளிகள் எல்லாம் சேர்ந்து நகர்கின்றன, அவ்வளவுதான். ஒரே எண்ணால் பெருக்கினால் திட்ட விலக்கமும் அத்தனை மடங்காகும், விலக்க வர்க்கச் சராசரி அதன் வர்க்க மடங்காகும். நிமிடத்தை நொடியாக்கினால் 9.91 என்பது ஏறக்குறைய 595 ஆகும். எண் பெரிதானதால் சிதறல் கூடிவிடவில்லை.

வெவ்வேறு அலகிலோ, மிக வேறுபட்ட அளவிலோ உள்ளவற்றை ஒப்பிட, திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். இது மாறுபாட்டுக் கெழு. முதல் வழிக்கு 3.6%, இரண்டாம் வழிக்கு 33%. அலகு இல்லாத எண் என்பதால் எதோடும் ஒப்பிடலாம் என்று தோன்றும். ஒரு நிபந்தனை இருக்கிறது: அளவுகோலின் பூஜ்யம் 'ஒன்றுமே இல்லை' என்ற உண்மையான பூஜ்யமாக இருக்க வேண்டும். 10, 20, 30 செல்சியஸ் என்ற வெப்பநிலைகளுக்குக் கெழு 50%. அதே வெப்பநிலைகள் ஃபாரன்ஹீட்டில் 50, 68, 86, கெழு 26.5%. கெல்வினில் 3.4%. வெப்பம் ஒன்றே, கெழு மூன்று. சராசரி பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும் தரவிலும், கூட்டலும் கழித்தலும் கலந்த தரவிலும் இதைத் தொடாமலிருப்பதே நல்லது.

முடிவை எழுதும்போது

'30 ± 9.9' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பது திட்ட விலக்கமாகவும் இருக்கலாம், திட்டப் பிழையாகவும் இருக்கலாம். திட்டப் பிழை என்பது திட்ட விலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது, இங்கே 9.91 ÷ √8 = 3.5. ஒரு நாள் பயணம் எவ்வளவு மாறும் என்பதற்கு 9.9 பதில். சராசரியை எவ்வளவு துல்லியமாக மதிப்பிட்டிருக்கிறோம் என்பதற்கு 3.5 பதில். எத்தனை நிமிடம் முன்னதாகக் கிளம்புவது என்று முடிவு செய்ய வேண்டியவருக்கு 3.5-ஐக் கொடுத்தால் அவர் தாமதமாகவே போய்ச் சேருவார். தரவைக் கூட்டிக்கொண்டே போனால் திட்டப் பிழை குறைந்துகொண்டே வரும். திட்ட விலக்கம் குறையாது, உண்மையான மதிப்பின் அருகே நிலைகொள்ளும்.

எந்த அளவை, எத்தனை மதிப்புகள், எதனால் வகுத்தது ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். தரவு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சராசரியோடு திட்ட விலக்கத்தை எழுதுவதைவிட, இடைநிலை அளவோடு இரு கால்மானங்களையும் எழுதுவது பொருத்தம்: இரண்டாம் வழிக்கு 'இடைநிலை 27 நிமிடம், நடுப்பாதி 23 முதல் 35 வரை, எட்டு நாட்கள்'.

தசம இலக்கங்களிலும் கட்டுப்பாடு வேண்டும். கணிப்பான் 9.9139 என்று காட்டும். எட்டே மதிப்புகளிலிருந்து வந்த திட்ட விலக்கத்தில் அத்தனை துல்லியம் கிடையாது. தரவு மணி வடிவமே என்று வைத்துக்கொண்டாலும், உண்மையான திட்ட விலக்கத்துக்கான 95% நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இதற்குள் இருக்கும் என்று 95% அளவுக்கு நம்பத்தக்க எல்லை) ஏறக்குறைய 6.6-லிருந்து 20.2 வரை நீள்கிறது. 10 என்று எழுதினாலே போதும். இன்னும் இறுக்கமான மதிப்பு வேண்டுமென்றால் தரவு நிறைய வேண்டும்: திட்ட விலக்கத்தை ஐந்து விழுக்காடு திட்டப் பிழையோடு மதிப்பிட ஏறக்குறைய 200 நாள் குறிக்க வேண்டியிருக்கும்.